வெண்ணாற்றங்கரையில் தை மாதப் புகை: ஒரு குடியிருப்பின் நிகழ்வு ஆய்வு

மார்கழி பாதி தாண்டியதும் எங்கள் நகரில் சண்டை ஆரம்பித்துவிடும். நகர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூருக்கு வடக்கே, வடவாற்றைத் தாண்டி, வெண்ணாற்றுக்கு இந்தப் பக்கம் நஞ்சையை மனை போட்டு விற்ற நாலு தெரு. விடிகாலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்க வருகிறவர்கள் இருமிக்கொண்டே கோலம் போடுவார்கள். எட்டரைக்கு மாடிக்கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியில் கறுப்புப் பொட்டு விழும். ஒன்பதுக்கு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கும்: ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் அரிசி மில்தான் காரணம் என்று ஒரு கட்சி, வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று இன்னொரு கட்சி.

போன மார்கழிக் கடைசியில் அது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மனு எழுதுவது வரை போயிற்று. மனு கொடுப்பதில் எல்லோருக்கும் சம்மதம். யார் மேல் கொடுப்பது என்பதில்தான் தகராறு. கடைசியில், “சார், நீங்க சயின்ஸ் வாத்தியாரா இருந்தவர்தானே, ஒரு மாசம் பார்த்துட்டு எழுதிக் கொடுங்க” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்ததுதான் இது. மனு வேறு மாதிரி முடிந்தது.

இடம்

பள்ளத்தாக்கு ஊர்களில் சுற்றிலும் மலை நின்று புகையை அடைத்துவைக்கும் என்று படித்திருப்போம். காவிரி டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கல்லணையிலிருந்து கடல் வரை தாம்பாளம் போலத்தான் கிடக்கிறது. ஆனால் தாம்பாளத்திலும் சின்னச் சின்னப் பள்ளம் உண்டு. ஆற்றுக்கரை மேடு. கும்பகோணம் ரோடு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் இன்னும் கொஞ்சம் மேடு. நடுவில் அகப்பட்ட மனைகள் பழைய வயல் மட்டத்திலேயே நிற்கின்றன. அதிலும் மூன்றாவது தெரு இன்னும் தாழ்வு. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்பது அங்கேதான்.

தையில் புகை அதிகம் நிற்பதும் அதே மூன்றாவது தெருவில்தான். இதைத் தற்செயல் என்று முதலில் நினைத்தேன். இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே பள்ளம் பார்த்து இறங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறதோ, பனிக்காலத்தில் குளிர் அங்கே தேங்குகிறது.

வருஷம் முழுக்க இந்தத் தொல்லை கிடையாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், புகை எங்கே நிற்கப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கழுவிவிடும். இந்தப் பக்கத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் பெய்வதுதான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். மூடியபின் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், செங்கல் காளவாய் எரியும், பங்குனி சித்திரையில் புழுதி கண்ணைக் கரிக்கும். இருந்தாலும் அந்த வெயிலில் தரை கொதித்து, காற்று கிளம்பி, புகையை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேயும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவு பெரிய அண்டாவில் எதைக் கரைத்தாலும் நீர்த்துத்தான் போகும்.

மிச்சம் மார்கழி, தை, மாசியின் முதல் பாதி. அப்போது அண்டா சொம்பாகிவிடுகிறது.

கையில் இருந்தவை

இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றை வாசல் திண்ணைக்கு வெளியே முழங்கால் உயரத்தில் கட்டினேன், இன்னொன்றை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கம்பு நட்டுக் கட்டினேன். இரண்டுக்கும் வெயில் படாமல் ஒரு அட்டைக் கூரை. ஒரு கட்டு ஊதுபத்தி. ஒரு கோடு போட்ட நோட்டு. அப்புறம் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய காற்றுத் தூசிக் கருவி.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கையடக்கமான, விலை குறைந்த வகை. உள்ளே ஒரு சின்ன லேசர் ஒளி. காற்றில் வரும் துகள் அந்த ஒளியைச் சிதறடிப்பதை வைத்து எண்ணிச் சொல்கிறது. பனி இறங்கும்போது இதற்கு ஒரு பலவீனம் வரும். ஈரப்பதம் ஏறினால் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். கருவி அதையும் தூசி என்றே எண்ணும், சில சமயம் பனித்துளியையே தூசி என்று எண்ணும். அதிகாரபூர்வமான நிலையங்களில் காற்றை உலர்த்திய பிறகு அளக்க ஏற்பாடு இருக்கும், இதில் கிடையாது. ஆகவே அது காட்டிய எண்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மனுவில் போட்டுவிடுவார்கள், மில்காரர் ஒரு நிபுணரைக் கூட்டி வந்து ஒரே நாளில் கிழித்துவிடுவார். எண்ணை நம்பாமல், அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை மட்டும் குறித்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஏறத் தொடங்கும், இரவெல்லாம் மெதுவாக ஏறும், விடிகாலையில் சடாரென்று ஏறும், வெயில் ஏறினதும் சரிந்துவிடும். தெளிந்த வானம் இருந்த நாளெல்லாம் இதே உருவம்தான்.

மூடி

தை மாதத்தில் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். வடநாட்டுக் குளிர் இல்லை. ஆனால் வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருந்தால் தரை தன் சூட்டை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்றும் கூடவே குளிரும். அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவு குளிராது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும், அன்று மேலே போகப் போகச் சூடு. பாடப் புத்தகத்தில் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று இருக்கும்; வகுப்பில் பல வருஷம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். என் வீட்டு மாடியில் அதைப் பார்த்தது இப்போதுதான். விடிகாலையில் தொட்டிமேல் தெர்மாமீட்டர், திண்ணைத் தெர்மாமீட்டரைவிட சூடாக நின்றது. காலை எட்டு மணி வாக்கில் இரண்டும் சமமாகி, அப்புறம் கீழே உள்ளது முந்திக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு முக்கில் டீக்கடை இருக்கிறது. கடை அடுப்புப் புகை நேராக எழும், கரண்டுக் கம்பத்தின் தலை உயரம் வந்ததும் யாரோ கையால் அமுக்கியதுபோல மடங்கிப் படுக்கும். படுத்தது அப்படியே நீளமாக, தென்னை மட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துண்டு காயப்போட்டது மாதிரி நிற்கும். அதுதான் மூடி. அந்த உயரத்துக்குக் கீழே நாம் எதைக் கொளுத்தினாலும் அதற்குள்ளேயே சுற்றும்.

வைக்கோலும் மில்லும்

முதல் சந்தேகம் வைக்கோல். டெல்லி செய்திகள் பார்த்துப் பார்த்து வயல் புகை என்றாலே நமக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் நிலவரம் வேறு. சம்பா அறுப்பு முடிந்தால் வைக்கோல் காசு. மிஷின் அறுத்துப் போட்ட வரிசையை இன்னொரு மிஷின் உருளையாகக் கட்டித் தள்ளும், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மழையில் நனைந்து கறுத்துப்போன வைக்கோலைத்தான் கொளுத்துகிறார்கள். மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. இன்னொரு விஷயம்: அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். உளுந்து முளைத்து நிற்கும் வயலில் யாரும் நெருப்பு வைக்க மாட்டார்கள். அறுவடை மிஷினின் சங்கிலியில் முளை நசுங்குகிறது என்று இப்போது பலர் தெளிப்பதை விட்டுவிட்டார்கள், அது வேறு சோகம்.

ஆனாலும் கொளுத்தினார்கள், நானே பார்த்தேன். எப்போது என்பதுதான் விஷயம். பனியில் நனைந்த வைக்கோல் காலையில் பற்றாது. அறுவடை மிஷினே பனி உலர்ந்து ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வயலில் இறங்கும். கொளுத்துகிறவர் மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கொளுத்துவார். தூரத்திலிருந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், கறுப்பாகத் தூண் மாதிரி எழும்பும். குழுவில் போட்டோ போடுவது இந்தத் தூணைத்தான். ஆனால் அந்த நேரத்தில் மூடி இல்லை. புகை எழும்பிப் பரவிப் போய்விடும், என் கருவி அசையக்கூட இல்லை. அந்தி சாய்ந்த பிறகும் அணையாமல் கனிந்துகொண்டிருக்கும் ஓரப் பகுதிதான் நம்மை வந்து சேர்கிறது. அப்படி இரண்டு இரவு வந்தது. போட்டோ எடுக்க எதுவும் தெரியாது, நாற்றம் மட்டும்தான்.

இரண்டாவது மில். இதில் எனக்கே முன்கூட்டி ஒரு முடிவு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். புழுங்கல் அரிசி மில்லில் நெல்லை ராத்திரி ஊறப்போட்டு, விடியுமுன் அவித்து, வெயில் வந்ததும் களத்தில் பரப்பியாக வேண்டும். ஆகவே பாய்லர் விடிகாலையில்தான் எரியும். எரிப்பது உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். நூறு கிலோ நெல்லுக்கு நாலு கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகக் கிளம்பிவிடுகிறது.

கொடியில் விழுந்த பொட்டு மில்லுடையதா என்று தெரிந்துகொள்ள லேப் தேவைப்படவில்லை. மாடியில் ஒரு வெள்ளை எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்க்காமல் வைத்தேன், விழுந்ததைப் பேரன் படிக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உமி எரிந்தாலும் அதன் உருவம் போகாது, ஏனென்றால் அதன் சாம்பலில் பெரும்பகுதி மணலில் இருக்கும் அதே சிலிக்கா. சின்னப் படகு மாதிரி, முதுகில் வரியோடு, கறுத்த எலும்புக்கூடாக இருக்கும். விரலால் நசுக்கினால் நறநறவென்று இருக்கும். சருகுச் சாம்பல் அப்படியில்லை. வெளிர் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக வரும், தொட்டதும் மாவாகிவிடும். பிளாஸ்டிக் எரித்தால் வருவது நூல் நூலான கரி, விரலில் ஒட்டிக்கொண்டு சோப்பு போட்டாலும் போகாது. என் தாம்பாளத்தில் மூன்றும் இருந்தன. படகுகள் வாடைக்காற்று அசைந்த நாள்களில் அதிகம். மில் எங்களுக்கு வடகிழக்கே என்பதால் அது சரியாகப் பொருந்துகிறது. ஆடியில் அதே மில், அதே பாய்லர், ஆனால் மேல்காற்று எல்லாவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். அங்கே யார் வேட்டி கறுக்கிறதோ.

ஆக வேட்டிக்குக் குற்றவாளி மில்தான். இருமலுக்கு?

இங்கேதான் நேரம் இடித்தது. புகைபோக்கி உயரமானது, விடிகாலையில் அதன் புகை மூடிக்கு மேலே தட்டையாக நீண்டு போவதை ஆற்றுப் பாலத்திலிருந்து நன்றாகப் பார்க்கலாம். மூடி அந்த நேரத்தில் எங்களுக்குக் குடை. வெயில் ஏறி மூடி உடையும்போது, எட்டு, எட்டரைக்கு, மேலே நின்ற புகை கலங்கிக் கீழே இறங்குகிறது. கருவியும் அந்த நேரத்தில் ஒரு சின்ன மேடு காட்டிவிட்டுத்தான் இறங்கும். ஆனால் பெரிய மேடு அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடி. ஐந்தரை, ஆறு மணிப் புகை மில்லிலிருந்து வர வழியில்லை. வைக்கோலும் பற்றாத நேரம்.

எங்கள் வீட்டுப் புகை

ஒரு நாள் ஐந்து மணிக்கு மப்ளரைக் கட்டிக்கொண்டு நாலு தெருவையும் சுற்றினேன். புங்கை மரத்தடியில் கூட்டிய சருகு ஒரு குவியல். காலி மனையில் ராத்திரி கொட்டிய குப்பை, கேரி பேக்கோடு. ஒரு வீட்டில் வெந்நீர் அடுப்பு, தென்னம்பாளையும் பழைய செருப்பும் போட்டு. கோயிலை ஒட்டி ஐயப்ப பக்தர்கள் குளிர்காய மூட்டியது. ஆளுக்கு ஒரு கூடை அளவுதான், வயலில் எரியும் வைக்கோலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எல்லாம் மூடிக்கு அடியில், எல்லாம் ஒரே மணி நேரத்தில். மூன்றாவது தெருவில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை ஒரு சாண் எழும்பி, திரும்பி என் முழங்காலை நோக்கி இறங்கியது.

இதைச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்று தெரியும். நம்பவைத்தது மேகம். தை நடுவில் ஒரு ராத்திரி வானம் மூடிக்கொண்டது, மழை இல்லை, தூறலும் இல்லை. மேகம் போர்வை மாதிரி. தரையின் சூடு வெளியே போகவில்லை. விடிகாலையில் இரண்டு தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. சங்கச் செயலாளரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அதே புங்கையடிக் குவியல் எரிகிறது, அதே காலி மனை, அதே வெந்நீர் அடுப்பு. டீக்கடைப் புகை கம்பத்தைத் தாண்டி மேலே போய் மறைந்தது. மூன்றாவது தெருவில் நாற்றமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “நேத்து இதே அளவுதானே எரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டார்.

போகியன்று நடப்பதும் இதன் பெரிய உருவம்தான். 2018 ஜனவரி 13, போகிப் புகை பனியோடு கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திணறின. எங்கள் பக்கம் அந்த அளவுக்குக் கொளுத்துவதில்லை, பழைய பாயும் முறமும்தான். ஆனால் நேரம் அதே விடிகாலை. தீபாவளிக்கும் இதையே சொல்லலாம். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பை ஒட்டி நம் மாநிலத்தில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடி என்ற வழக்கத்துக்கு அந்த ஆறு மணி சரி. காற்றைக் கேட்டிருந்தால் பகல் பன்னிரண்டைத்தான் சொல்லியிருக்கும். ஐப்பசி என்பதால் மழையும் ஈரக்காற்றும் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன.

சராசரியில் காணாமல் போவது

“காற்றுத் தர ஆப்பில் தஞ்சாவூர் பச்சையா காட்டுதே சார்” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள், அதாவது தலைமுடிப் பருமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு, மூச்சில் போய் நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடியது. அதற்கு இந்தியாவில் 24 மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. இரண்டுக்கும் உள்ள தூரத்தை விடுங்கள். சராசரி என்ற சொல்லைப் பாருங்கள். கணக்குக்காக மூன்று மணி நேரம் 200, மிச்சம் 21 மணி நேரம் 35 என்று வைப்போம். கூட்டி 24-ஆல் வகுத்தால் 56-க்குள் வரும். நாள் பாஸ். காற்றுத் தரக் குறியீட்டில் அது ‘திருப்தி’ என்ற கட்டத்தில் உட்காரும். அந்த 200 மட்டும் நாள் முழுக்க நீடித்திருந்தால் ‘மிக மோசம்’.

அந்த மூன்று மணி நேரத்தில் வெளியே இருப்பது யார் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். கோலம் போடுகிற பெண்கள், பால்காரர், பேப்பர் போடுகிற பையன், தெருக் கூட்டுகிறவர், திருப்பாவை பாடப் போகிற பிள்ளைகள், டாக்டர் நடக்கச் சொன்ன என் வயதுக்காரர்கள். ஆப் பார்த்துக்கொண்டிருப்பவர் அப்போது போர்வைக்குள் இருப்பார்.

மார்கழி விடிகாலையில் ஓசோன் இறங்குகிறது, அதற்காகத்தான் முன்னோர் கோலம் வைத்தார்கள் என்று வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு வரும். தரைமட்ட ஓசோன் வெயிலில்தான் உண்டாகும். விடிகாலையில்தான் அது மிகக் குறைவு. இருந்தால் நல்லதும் இல்லை, நுரையீரலை எரிக்கும் வாயு அது. கோலத்தை அழகுக்காகப் போடலாம், எறும்புக்காகப் போடலாம், ஓசோனை இழுக்க வேண்டாம்.

என்ன செய்தோம்

மனுவைக் கிழிக்கவில்லை, இரண்டாகப் பிரித்தோம். மில்லுக்கு நாலு பேர் நேரில் போனோம். பாய்லர் நேரத்தை மாற்ற முடியாது, வெயில் காத்திருக்காது என்று மில்காரர் சொன்னதை மறுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் சாம்பலைச் சுழற்றிப் பிடிக்கும் சைக்ளோன் அடைத்துக்கொண்டிருந்தது, அதைக் காட்டினோம். தை கடைசியில் சுத்தம் செய்தார்கள். தாம்பாளத்தில் படகுகள் குறைந்தன, நிற்கவில்லை.

உள்ளூர்ப் புகைதான் கஷ்டம். வெந்நீர் அடுப்பில் செருப்பு போடுவது ஒரே பேச்சில் நின்றது. குப்பையை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டினோம், அதற்கு யாரும் மசியவில்லை. சருகை ஏன் ஐந்தரைக்கே கொளுத்துகிறீர்கள் என்று தெருக் கூட்டும் அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “குப்பை அள்ளுற பேட்டரி வண்டி உங்க தெருவுக்குள்ள வர்றதில்லையே ஐயா. அள்ளி வச்சா மத்தியானத்துக்குள்ள மாடு கலைச்சிடும், மறுபடி நான்தானே கூட்டணும்?” ஒரு மாதம் நான் தெர்மாமீட்டர் பார்த்ததற்குப் பதில் முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம்.

ஊராட்சியில் பேசி வண்டியை உள்ளே வரவைத்தோம். திங்களும் வியாழனும் வருகிறது. மற்ற நாள் சருகு உரச்சாக்கில் கட்டிக் காலி மனை ஓரம் நிற்கும், அந்த மனையில் ஒரு குழியும் வெட்டியிருக்கிறோம். மாசியில் காற்று தெளிந்ததற்கு இதெல்லாம் காரணமா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். மாசி பாதியில் மூடி தானாகவே மெலிந்துவிடும், எதையும் செய்யாமல் இருந்திருந்தாலும் தெளிந்துதான் இருக்கும். சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி வைத்த, வானம் தெளிந்த விடிகாலைகள் மாசி முதல் வாரத்தில் சில கிடைத்தன. அந்த நாள்களில் கருவியின் ஆறு மணி மேடு தாழ்ந்திருந்தது, எட்டரை மணி மேடு அப்படியே இருந்தது.

அதனால் வீட்டில் இப்போது துணி காயப்போடுவது பத்து மணிக்கு மேல். வெள்ளை வேட்டி மட்டும் இன்னும் கூடத்து ஃபேனுக்கு அடியில்தான் உலர்கிறது.